ஐந்து சீட்டு, ஓர் ஊர்!

"இந்த லீவுக்கு எங்கே போகலாம்?"

இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் யாராவது கேட்டுவிட்டால் போதும், அன்று ராத்திரி சாப்பாட்டு நேரம் சட்டசபைக் கூட்டம்தான். ஆளுக்கொரு கட்சி! என்னவருக்குச் சென்னை. மாமியாருக்குக் கும்பகோணம். எட்டு வயதுச் சின்னவனுக்குக் கடல் இருந்தால் போதும், ஊர் பேர் முக்கியமில்லை. எனக்கோ, மூன்று நாள் அடுப்பு பற்ற வைக்காமல் இருந்தால் அதுவே காசி, ராமேசுவரம்!

பத்தாம் வகுப்புப் படிக்கும் மூத்தவள் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "நான் வரல. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்று தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

பதினைந்து வயதுப் பெண்ணை வீட்டில் விட்டுவிட்டு எங்கே போவது? "எல்லாம் வயசுக் கோளாறு" என்று அடுத்த வீட்டு அக்காவிடம் குறைப்பட்டுக்கொண்டேன். செல்போனும் கையுமாக இருக்கிற பிள்ளைகளுக்கு அம்மா அப்பாவோடு வருவது பிடிக்காது என்று அவரும் தலையாட்டினார். உங்களில் எத்தனை பேர் இதே மாதிரி தலையாட்டியிருப்பீர்களோ!

பெரம்பலூர்க்காரர்களுக்கு ஊர் சுற்ற ஒரு வசதியும் உண்டு, ஒரு குறையும் உண்டு. வசதி, சென்னை - திருச்சி நெடுஞ்சாலையே ஊரைத் தொட்டுக்கொண்டு போவது. குறை, ரயில் இல்லாதது. ரயில் ஏற வேண்டுமென்றால் அரியலூருக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும். உள்ளூரில் பார்ப்பதற்குப் பஞ்சமில்லை. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் கல்லாகிப் போன சாத்தனூர் மரம், ரஞ்சன்குடிக் கோட்டை, அரியலூர்ப் பக்கம் ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம் என்று வெளியூர்க்காரர்கள் தேடி வருகிற இடங்கள் இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மூன்று தடவை கல்மரத்தைப் பார்த்துவிட்ட பிள்ளைகளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!

சண்டை தீரவில்லை. கடைசியில் சின்னவன்தான் வழி சொன்னான். "எல்லாரும் சீட்டு எழுதிப் போடலாம்மா. எங்க கிளாஸ்ல லீடரை அப்படித்தான் எடுத்தோம்."

ஐந்து சீட்டு. சொம்புக்குள் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்தார் என்னவர். சென்னை, கும்பகோணம், 'கடல்' (எழுத்துப் பிழையுடன்), அப்புறம் 'சமைக்காத ஊர்' என்ற என்னுடைய சீட்டு. எல்லோரும் சிரித்தோம். கடைசிச் சீட்டைப் பிரித்தவர் சிரிக்கவில்லை. படிக்காமலே என்னிடம் நீட்டினார்.

'எந்த ஊரா இருந்தாலும் சரி. நான் வெளியே உட்காராத ஊர்.'

எனக்குச் சுருக்கென்றது.

அந்த வேன் பயணம்

போன கோடை விடுமுறையில் வேன் எடுத்துக்கொண்டு கும்பகோணம் பக்கம் கோயில்களுக்குப் போனோம். முதல் கோயில் முடிந்ததும் மூத்தவள் என் காதோடு வந்து சொன்னாள். வீட்டுக்கு விலக்காகிவிட்டாள். எதிர்பாராத நாள். "நீ வண்டியிலேயே இரு கண்ணு, அரைமணியில் வந்துடறோம்" என்றேன். அரைமணி என்பது நான்கு கோயில். நான்கு கோயில் என்பது ஒரு முழுப் பகல். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். சித்திரை வெயிலில் அந்த வேனுக்குள் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். பிரசாதப் பொங்கலும் ஒரு பாட்டில் மோரும் கொடுத்தனுப்பிவிட்டு, என் கடமை முடிந்ததென்று நான் சந்நிதியில் நின்றேன்.

ஒரு வருஷமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு நான் வைத்த பெயர்தான் 'வயசுக் கோளாறு'!

அன்று ராத்திரி அவள் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டேன். "தப்பு என்னோடதுதான் கண்ணு" என்றேன். பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கோயில் வேண்டாம்னு சொல்லலம்மா. எனக்கும் பாக்கப் பிடிக்கும். ஆனா அன்னிக்கு எனக்குன்னு ஒண்ணுமே இல்ல" என்றாள்.

ஊரைத் தேர்ந்தெடுத்தோம்

மறுநாள் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நானும் அவளும் உட்கார்ந்தோம். ஊர்ப் பெயர்களை எழுதுவதற்கு முன்னால், எங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதினோம். உங்கள் வீட்டுக்கும் இது உதவும் என்பதால் சொல்கிறேன்.

ஒன்று: அரை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டு ராத்திரிதான் தங்கப்போகிறோம். அதில் ஒரு பகலைப் பஸ்ஸிலேயே கழித்தால் என்ன மிச்சம்?

இரண்டு: தங்கும் இடத்திலிருந்து நடந்தே பல இடங்கள் பார்க்க முடிய வேண்டும். ஒருவருக்கு முடியவில்லையென்றால் பத்து நிமிஷத்தில் அறைக்குத் திரும்பிவிடலாம்.

மூன்று: ஒரே ஓர் இடத்தை நம்பிய ஊராக இருக்கக்கூடாது. சிலர் ஓரிடத்துக்குப் போகும்போது மற்றவர்களுக்கு வேறோர் இடம் இருக்க வேண்டும். யாரும் யாருக்காகவும் வெளியே காத்திருக்கக்கூடாது.

நான்கு: வளர்ந்த பிள்ளைக்கு ஒரு மணி நேரமாவது சொந்த நேரம் கிடைக்க வேண்டும். இது அவள் போட்ட நிபந்தனை. யோசித்துத்தான் ஒப்புக்கொண்டேன்!

இப்போது ஊர்களை எடுத்தோம். சென்னையில் 1851-ல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகம், 1988-ல் வந்த பிர்லா கோளரங்கம், கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம், மெட்ரோ ரயில் என்று மூத்தவளுக்குத் தீனி நிறைய. ஆனால் ஐந்து மணி நேரப் பயணம். போய்ச் சேர்ந்த பிறகும் ஓரிடத்துக்கும் இன்னோர் இடத்துக்கும் நடுவே நெரிசல். அறுபத்தெட்டு வயது மாமியாரையும் எட்டு வயதுப் பையனையும் வைத்துக்கொண்டு இரண்டு நாளில் அலைய முடியாது. பெங்களூர் லால்பாக்கும் கப்பன் பூங்காவும் ஆசை காட்டின. ஏழெட்டு மணி நேரம் என்றதும் அந்தப் பக்கத்தை மடித்துவிட்டோம். திருச்சி ஒரு மணி நேரம்தான்; ஆனால் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற ஊரில் போய் லாட்ஜ் எடுத்துத் தங்குவதா?

மிச்சமிருந்தது புதுச்சேரி. இங்கிருந்து 150 கிலோமீட்டருக்குச் சற்று மேல். விழுப்புரத்தில் ஒரு பஸ் மாற வேண்டும். கடல் உண்டு. மாமியாருக்கு மணக்குள விநாயகர் உண்டு. எல்லாம் நடக்கிற தூரம்.

"பாண்டிச்சேரிக்கா? குடும்பத்தோடவா?" என்று அடுத்த வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னவருடைய நண்பர்கள் கண்ணடித்தார்களாம். நம் பக்கத்து ஆண்கள் அந்த ஊருக்கு எதற்குப் போகிறார்கள் என்பது ஊரறிந்த ரகசியம்! மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "பாரதியார் பத்து வருஷம் இருந்த ஊர் அப்பாயி" என்று மூத்தவள் சொன்னதும்தான் முகம் கொஞ்சம் இறங்கியது.

காலாண்டு விடுமுறையில் சனி, ஞாயிறு, திங்கள் என்று நாள் குறித்தோம். வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைத் தரிசித்துவிட்டுத்தான் பயணம் என்பது மாமியாரின் உத்தரவு. காலண்டரைப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. மூத்தவளின் கணக்குப்படி ஞாயிற்றுக்கிழமை வாக்கில்தான் வரும். "தேதியை ஒரு வாரம் தள்ளிடலாமா?" என்றேன்.

"வேண்டாம்மா. அது வந்தாலும் நான் வரலாம்ல?"

வரலாம் என்றேன்.

புறப்படும் முன்

இந்தத் தடவை மூட்டையில் முதலில் போனது ஒரு சின்னத் துணிப்பை. தேவையான நாப்கின்கள், மாற்று உள்ளாடை இரண்டு, பழைய செய்தித்தாள், சோப்பு, சிறிய துண்டு, வெந்நீர்ப் பை. நாப்கினை நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும். வெளியூரில் இடமில்லை என்று நாள் முழுக்க ஒன்றிலேயே இருந்தால் புண்ணும் தொற்றும் வரும். இன்னொரு தவறும் செய்கிறோம். கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்று பயந்து தண்ணீர் குடிக்காமலே பெண்கள் பயணம் செய்கிறோம். சிறுநீர்த் தொற்றுக்கு நாமே போடும் பாதை அது. வலி மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் கேட்டு முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னவனுக்குப் பஸ்ஸில் வாந்தி வரும். வயிறு நிறையக் கொடுக்காமல் இரண்டு இட்லி மட்டும் கொடுத்து, முன்பக்க ஜன்னலோரம் உட்கார வைத்து, தூரத்தில் தெரிவதைப் பார்த்துக்கொண்டே வரச் சொன்னேன். பஸ்ஸில் படிக்கவோ செல்போன் பார்க்கவோ கூடாது. வயிற்றுப்போக்கு வந்தால் கை கொடுக்க ஒரு கணக்கு மனப்பாடமாக இருக்கட்டும்: கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், அதில் தலை தட்டிய சிறு கரண்டி சர்க்கரை ஆறு, உப்பு அரைக் கரண்டி. தேக்கரண்டி அளவு அது; உப்பு கூடிவிடக்கூடாது.

மத்தியானத்துக்குப் புளிசாதமும் தயிர்சாதமும், தொட்டுக்கொள்ள எங்கள் ஊர்ச் சின்ன வெங்காயமும். 'சமைக்காத ஊர்' என்று சீட்டு எழுதியவள் விடியற்காலை நான்கு மணிக்குப் புளிக் காய்ச்சல் கிளறிக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்!

வழியில் ஒரு பஸ் நிலையக் கழிப்பறையில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள, அவள் போய் வந்தாள். அப்புறம் அவள் பிடித்துக்கொள்ள, நான் போனேன்.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

பதினொரு மணிக்குள் புதுச்சேரி. ஊரின் நடுவே பெரிய வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே, கடலைப் பார்த்த பக்கம், பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த பகுதி: மஞ்சள் சுவர், உயரமான கதவு, மதில்மேல் காகிதப்பூ. மேற்கே தமிழர் பகுதி: திண்ணை, மரத்தூண், தாழ்வாரம். நாங்கள் மேற்கே ஒரு சாதாரண லாட்ஜில் அறை எடுத்தோம். பணம் கட்டுவதற்கு முன் குளியலறையைத் திறந்து பார்த்து, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா, குப்பைக் கூடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டேன். நீங்களும் பாருங்கள். புத்தாண்டு சமயத்தில் மட்டும் குடும்பத்தோடு இந்த ஊரை எட்டிப் பார்க்காதீர்கள். கூட்டமும் தாங்காது, வாடகையும் தாங்காது.

தெருப் பெயர்ப் பலகைகள் தமிழிலும் பிரெஞ்சிலும் இருக்கின்றன. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரரைப் பார்த்ததும் சின்னவன் சல்யூட் வைத்தான். "இங்கேயும் வெள்ளைக்காரன் 1947-லதானே போனான்?" என்று அப்பாவைக் கேட்டான். இல்லை, 1954 நவம்பர் 1-ல்தான் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தார்கள், சட்டப்படி முழுதாகக் கைமாறியது 1962 ஆகஸ்டில் என்று மூத்தவள் பதில் சொன்னாள். பேச ஆரம்பித்துவிட்டாளே என்று எனக்குள் ஒரு நிம்மதி.

சாயங்காலம் கடற்கரைச் சாலை. மாலை 6 மணிக்கு மேல் அங்கே வண்டிகளுக்கு அனுமதியில்லை. செஞ்சியிலிருந்து கொண்டு வந்த கல் தூண்களுக்கு நடுவே காந்தி சிலை. அந்தப் பக்கம் 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். கரையெல்லாம் கருங்கற்கள், பாசி வழுக்கும். சின்னப் பிள்ளைகளைக் கற்களில் இறங்க விடாதீர்கள்.

மூத்தவள் என்னைப் பார்த்தாள். நான்காவது நிபந்தனை! "ஏழு மணிக்குள்ள இந்தச் சிலைகிட்ட வந்துடணும்" என்றேன். போய்விட்டாள். தாவணியும் சுடிதாருமாகப் போகிற கூட்டத்தில் அவளுடைய நீலத் துப்பட்டா தெரிகிற வரை பார்த்தேன். அப்புறம் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு ஆயிற்று. ஏழே கால் ஆவதற்குள் என் உயிர் பாதி போய்விட்டது.

ஏழு பன்னிரண்டுக்கு வந்தாள். "என்ன பண்ணினே இவ்வளவு நேரம்?"

"ஒண்ணும் பண்ணலம்மா. அந்தக் கோடி வரைக்கும் நடந்தேன். ஒரு மக்காச்சோளம் வாங்கித் தின்னேன்."

"இதுக்கா பாண்டிச்சேரி வந்தோம்? நம்ம ஊர்ச் சோளமாத்தான் இருக்கும்" என்றார் என்னவர். அவள் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

ஞாயிற்றுக்கிழமை

கணக்கு தப்பவில்லை. விடியற்காலையில் அவள் என் தோளைத் தொட்டாள். துணிப்பையை எடுத்துக் கொடுத்தேன். வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு அரைமணி படுத்திருந்தாள்.

மாமியார், என்னவர், சின்னவன் மூவரும் மணக்குள விநாயகர் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். ஊரே பிரியமாக வைத்திருந்த கோயில் யானை லட்சுமி 2022 நவம்பரில் இறந்துபோனது. அதைப் பற்றிப் பூக்காரம்மாவே இன்னும் கண்கலங்கிப் பேசினாராம். அதே நேரத்தில் நானும் மூத்தவளும் வேறு வழியில் நடந்தோம். யாரும் யாருக்காகவும் வாசலில் காத்திருக்கவில்லை.

பாரதி பூங்காவில் வெள்ளை வெளேரென்று ஆயி மண்டபம். ஊருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுப்பியது. ஆயி ஒரு தாசி என்று கதை. கோயிலென்று நினைத்து அவள் வீட்டைக் கும்பிட்டுவிட்ட ஒரு ராஜா, உண்மை தெரிந்ததும் கோபத்தில் வீட்டை இடிக்கச் சொன்னாராம். "நானே இடித்துக்கொள்கிறேன்" என்று வரம் கேட்டு, அந்த இடத்தில் அவள் குளம் வெட்டினாளாம். பின்னாளில் முத்திரையர்பாளையத்திலிருந்து அந்தத் தண்ணீர்தான் ஊருக்கு வந்தது என்கிறார்கள்.

அடுத்து, ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த வீடு. இப்போது நினைவு இல்லம். 1908-ல் வந்தவர், 1918 வரை இந்த ஊரில் இருந்தார். குயில் பாட்டு, கண்ணன் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் புதுச்சேரிக் காலத்தில் பிறந்தவை. புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள்.

"அம்மா, பாஞ்சாலிய சபைக்கு இழுத்துட்டு வந்தாங்களே... அன்னிக்கு அவளுக்கும் இதேதானே?"

ஆமாம். வீட்டுக்கு விலக்காக, ஒற்றை ஆடையோடு இருக்கிறேன் என்று அவள் சொல்லிப் பார்க்கிறாள். யார் கேட்டார்கள்? பாரதியார் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். "நூறு வருஷத்துக்கு முன்னாடி ஓர் ஆம்பளை எழுதிட்டாரும்மா. நாமதான் காதுல சொல்லிக்கிறோம்" என்றாள். நான் என்ன சொல்ல! கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியே வந்தால் மற்ற மூவரும் எதிரே! காந்தி வீதியில் ஞாயிறு சந்தை. நடைபாதை முழுக்கக் கடைகள். மாமியார் பிரெஞ்சு ரொட்டி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே ஒண்ணுமே இல்லையே, வெறும் காத்து!" என்றார்.

அன்று சாயங்காலம் கடற்கரைப் பெஞ்சில் மாமியார் பேத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு விஷயம் தெரியும். ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று எனக்குப் படபடப்பு.

"எங்க காலத்துல மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாடி மூணு நாள் பாப்பா. தனித் தட்டு, தனிச் சொம்பு. வேலை இல்லாத நாள் அதுதான்னு மனசைத் தேத்திக்குவேன். ஆனா ராத்திரி பயமா இருக்கும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ அன்னிக்கு வேன்ல தனியா இருந்தப்ப பயந்தியா?" என்று கேட்டார்.

"ஆமா அப்பாயி."

மாமியார் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்துப் பாதி உடைத்துக் கொடுத்தார். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டே தின்றார்கள்.

பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஆகவே கடைசி நாளை 1826-ல் அமைந்த தாவரவியல் பூங்காவுக்கென்று வைத்திருந்தோம். மரநிழலில் எல்லோரும் நடந்துவிட்டு, மத்தியான பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

போன வாரம் அரையாண்டு விடுமுறைக்காக மறுபடியும் சொம்பு குலுக்கினோம். மூத்தவள் சீட்டில் என்ன இருந்தது தெரியுமா?

'தஞ்சாவூர். முடிந்தால் பெரிய கோயில். முடியாவிட்டால் எனக்கு அரண்மனை, சரஸ்வதி மகால். கூட யாராவது ஒருத்தர்.'

அதற்குக் கீழே, தள்ளாடும் எழுத்தில் யாரோ சேர்த்திருந்தார்கள்: 'நான் கூட இருக்கேன். அப்பாயி.'

உங்கள் வீட்டிலும் ஒரு சொம்பு இருக்கும். சீட்டு எழுதிப் போடச் சொல்லுங்கள். பேசாத பிள்ளையின் சீட்டை முதலில் பிரித்துப் பாருங்கள்.